அண்ணரின் வான் கதவில் நாலு எழுத்து

ஜப்பான் மொழி படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் சனம் கேட்ட முதல் கேள்வி, அங்கே எங்கட ஆட்கள் யார் இருக்கிறார்கள் என்பதுதான். கனடா என்றால் இந்தக் கேள்வி வராது. லண்டன் என்றாலும் வராது. சுவிஸில் பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்வதற்குக்கூட ஒரு மரியாதை உண்டு, தூக்கிவிட ஒரு பெரியப்பா மகன் அங்கே இருப்பான். ஜப்பானில் எங்களுக்கு ஒரு நாயும் இல்லை. சொந்தக்காரர் இல்லாத நாட்டுக்குப் போகிறவளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்பது எங்கள் ஆட்களின் முடிவு. எனக்கு அந்த நாட்டில் பிடித்த முதல் விஷயமே அதுதான்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் காசாளர். வேதக் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இரண்டு அறை வாடகை வீடு, அதில் நானும் அம்மாவும். அப்பா துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து செத்தவர். அவர் செத்து ஒரு வருடத்துக்குள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வோக்கரைப் பிடித்துத்தான் நடை. குளிக்க வார்ப்பது, கால் கழுவிவிடுவது, கட்டிலில் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்.

அண்ணர் ஒருவரும் இருக்கிறார். கல்கிசையில் நாலாம் மாடியில் சொந்தப் பிளாட், மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்து, தங்கச்சி இருக்கிறபடியால் தனக்கு ஒரு கவலையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். வாய் சர்க்கரை, கை கொக்கரை என்ற சொல்லை இவரைப் பார்த்துத்தான் யாரோ கட்டியிருக்க வேண்டும்.

ஜப்பானில் வயதானவர்களைப் பராமரிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். நான் வீட்டில் சும்மா செய்வதை அங்கே சம்பளத்துக்குச் செய்யலாம். மொழிப் பரீட்சை தேற வேண்டும், பிறகு நேர்முகம். அதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நான் போனால் அம்மா அண்ணரிடம் போக வேண்டும், அது ஒன்றுதான் தீர வேண்டியிருந்தது. மகன் இருக்கிறான், பிளாட் இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். என் முட்டாள்தனத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வகுப்பு வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடி. ஜப்பான் மொழி வகுப்புகள் கொழும்பில் தெருவுக்குத் தெரு உண்டு, அநேகமாகச் சிங்களத்தில். இது தமிழில் நடந்தது, அதனால் தமிழருக்கே உரிய சகல சிறப்புகளோடும் நடந்தது. படிப்பித்த சேர் ஜப்பானில் எட்டு வருடம் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மனிதர் சக்கரவர்த்தியோடு இருந்து தேநீர் குடித்து வந்தவர் மாதிரிக் கதைப்பார். வியர்வை வழிய வழியக் கோட் போடுவார். நாங்கள் உள்ளே வரும்போது இடுப்பை மடக்கிக் கும்பிட வேண்டும், செருப்பு ஒரே வரிசையில் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். கீழே சேலைக்கடைக்கு வரும் பெண்கள் அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்து மேலே செத்தவீடு என்று நினைத்து எட்டிப் பார்த்ததும் உண்டு.

கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கனடா சரிவராமல் வந்த பொடியன்கள். அவர்களுக்குப் படிப்பு என்றால் கரும்பலகையைப் போனில் படம் எடுப்பது. எடுத்த படத்தைப் பிறகு ஒருத்தனும் திறந்து பார்த்ததில்லை. மற்றவர்கள் ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்திலும் உச்சரிப்பைத் தமிழில் எழுதி, தமிழை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட இருந்து வருகிற ஒரு முஸ்லிம் பிள்ளை, தகப்பனுக்கு இரும்புச் சாமான் கடை. அந்த வகுப்பில் மூளை இருந்த ஒரே ஆள் அவள்தான். நானும் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான்.

சின்ன எழுத்துகள் இரண்டு வரிசை முடிந்து, காஞ்சி தொடங்கியது. ஒரு எழுத்தே ஒரு முழுச்சொல்லாக நிற்கும் அந்தப் படம் படமான எழுத்துகளுக்குத்தான் அந்தப் பெயர். வளைத்து வளைத்துத் தமிழ் எழுதிப் பழகிய கைக்கு அது ஒரு தண்டனை. நேர்கோடு போடச் சொன்னால் என் பேனை முனையில் ஒரு சுழி தானாக வந்து உட்காரும். சேர் என் கொப்பியைப் பார்த்து, ஜப்பானில் இப்படி எழுதினால் சிரிப்பார்கள் என்றார். ஜப்பானில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அவர் எத்தனை எழுத்து எழுதினார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வீட்டில் அம்மா என் கொப்பியைக் கையில் எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஈர்க்குக் கட்டு அவிழ்ந்து கொட்டுண்ட மாதிரி இருக்கிறது என்றார். அவ்வளவு சரியான விமர்சனத்தை நான் பிறகு கேட்கவில்லை.

முதல் நாள் படித்தது மனிதன். இரண்டே கோடு. ஒரு நீளக் கோடு சாய்ந்து வருகிறது, ஒரு குட்டைக் கோடு அதைக் கீழே நின்று தாங்குகிறது. சேர் கண்ணை மூடிக்கொண்டு, மனிதன் என்றால் ஒருவரில் ஒருவர் சாய்ந்து நிற்பது, இதுதான் ஜப்பானியத் தத்துவம் என்றார். பொடியன்கள் படம் எடுத்தார்கள். நான் அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரில் ஒருவர் எங்கே சாய்கிறார்கள்? நீளமானது சாய்கிறது, குட்டை தாங்குகிறது. எங்கள் குடும்பத்தில் எந்தக் கோடு யார் என்று எனக்குத் தத்துவம் இல்லாமலே தெரியும்.

இந்த இடத்தில் அண்ணரின் வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் பாவித்துக் கழித்த ஒரு நீல நிற வான், இங்கே வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் ஏறும். பக்கக் கதவில் ஜப்பான் எழுத்து நாலு, வெள்ளை ஸ்டிக்கரில், ஒவ்வொன்றும் தட்டுப் பெரிசு. இங்கே ஓடுகிற பாதி வானில் அப்படி எழுத்து இருக்கும். யாரும் உரிப்பதில்லை, காரணம் அதுதான் வண்டி நேரே ஜப்பானிலிருந்து வந்தது என்பதற்கு அத்தாட்சி. எழுத்தை உரித்தால் விலை விழும். அண்ணர் அதற்கு ஒருபடி மேலே. வானைக் கழுவும்போது அந்தக் கதவை மட்டும் வேறு துணியால் துடைப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. போனைப் பிடித்தால் அது வாசித்துச் சொல்லும் காலம் இது. ஆனால் பக்திக்கு அர்த்தம் எதற்கு?

அம்மாவைக் கூட்டிப்போவது பற்றி நான் முதல்தரம் கேட்டபோது அண்ணர் சிரித்தார். வாசலில் நின்ற வானைக் காட்டி, போனைத் தொடாமல் இதை வாசிச்சுக் காட்டு, பிறகு ஜப்பானைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் கதைப்போம் என்றார். நான் போய்ப் பார்த்தேன். இரண்டாவது மனிதன். மூன்றாவது சின்ன எழுத்து, 'உடைய' என்று பொருள். முதலாவதும் கடைசியும் தெரியாது. யாரோ ஒரு மனிதருடைய ஏதோ ஒன்று என்றேன். அண்ணரும் அண்ணியும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை வான் கதவில் ஒட்டி வைத்துப் பரீட்சை எடுத்த முதல் மனிதர் என் அண்ணராகத்தான் இருப்பார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. குறுக்கு வழியில் அவரிடம் வெல்வதும் தோற்பது மாதிரித்தான் எனக்குப் பட்டது.

சில வாரம் கழித்து வீடு என்ற எழுத்து வந்தது. மேலே ஒரு கூரை, கீழே ஒரு மிருகம். கூரைக்குக் கீழே ஆடு நிற்கிறது, ஆடு நின்றால் அது வீடு என்றார் சேர். என் பக்கத்தில் இருந்த பிள்ளை கையைத் தூக்கி, அமைதியாக, "சேர், அது பண்டி. நீங்க எங்களுக்காக ஆடாக்கத் தேவல்ல" என்றாள். சேருக்குக் காது சிவந்தது. பன்றி என்று அவர் வாய் திறந்து சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. வான் கதவின் கடைசி எழுத்து அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. கூரை, கீழே பன்றி. அண்ணரின் பிளாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஆக, ஏதோ ஒரு மனிதரின் வீடு. முதல் எழுத்து மட்டும் பாக்கி. இதை அடுத்த ஞாயிறு சொன்னபோது அண்ணர் முழு எழுத்துக்கும் தானே பொருள் கண்டுபிடித்துவிட்டார். பெரிய மனிதரின் வீடு. அதாவது இந்த வான் ஜப்பானில் ஒரு பெரிய மனிதரின் வீட்டில் நின்ற வான். அன்றிலிருந்து கோயில் வாசலில் காண்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதைதான். ஒரு மாதத்தில் பெரிய மனிதர் மந்திரியாகிவிட்டார். ஆசனங்கள் தேயாமல் இருப்பதற்குக்கூட மந்திரிதான் காரணம். பெரிது என்ற எழுத்து எனக்குத் தெரியும், அது இது இல்லை என்றேன். ஆரம்பக்காரிக்கு என்ன தெரியும் என்றார்.

வகுப்பில் இதற்கிடையில் நேர்முகத்துக்கான ஆயத்தமும் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் எந்த வகுப்பானாலும் கடைசியில் மாதிரி விடைக்குத்தான் வந்து நிற்கும், இதிலும் அப்படித்தான். நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள், ஏன் எங்கள் முதியவர்களைப் பராமரிக்க விரும்புகிறீர்கள் என்று. அதற்குச் சேர் ஒரு விடை கட்டி வைத்திருந்தார். எங்கள் நாட்டில் வயதானவர்களைத் தெய்வமாக மதிப்போம், கடைசி வரைக்கும் வீட்டில் வைத்து அன்பாகப் பார்ப்போம், அதே அன்போடு உங்கள் தாய் தகப்பனையும் பார்ப்பேன். வகுப்பு முழுக்க இதை ஒரே குரலில் சொல்ல வேண்டும். கரையோர ரயில் போகும்போது நிறுத்தி, போனபின் தொடர்ந்து சொல்லுவோம். கோயிலில் மன்றாட்டுமாலைக்குப் பதில் சொல்லுகிற மாதிரித்தான், வாய் சொல்லும், மனம் கறிக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பராமரிப்பு வேலைக்கு வேண்டிய சொற்கள் என்று சேர் புதிதாகச் சில எழுத்துகள் போட்டார். இரண்டாவதாக அவர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பேனை நின்றுவிட்டது. மேலே மண், குறுக்கே சாய்ந்த ஒரு நீளக் கோடு, கீழே மடங்கி உட்கார்ந்த மாதிரி ஒரு சின்னது. மண்ணுக்குக் கிட்ட வந்துவிட்ட ஆள், கையில் பொல்லு, கூனி உட்கார்ந்திருக்கிறார், அதுதான் முதுமை என்றார் சேர். அதற்குப் பக்கத்தில் மனிதனை எழுதினால் முதியவர். வான் கதவின் முதல் இரண்டு எழுத்தும் கரும்பலகையில் நின்றன. அந்தப் பிள்ளை என் கொப்பியை எட்டிப் பார்த்து, ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அடக்கவே முடியவில்லை.

மறுநாள் அண்ணர் வீட்டில் சாப்பாடு. அண்ணியின் மாமா ஒருவர் கனடாவிலிருந்து வந்திருந்தார். அம்மாவையும் என்னையும் அண்ணர் வானில் ஏற்றிக்கொண்டு போனார். சாப்பாடு பாதியில் இருக்கும்போது, வெளி ஆள் இருக்கிற துணிவில், அண்ணர் விஷயத்தை எடுத்தார். பிளாட்டில் இடம் காணாது, லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது. வத்தளைப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துகிற ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறார், தினமும் பூசை உண்டு, அம்மாவுக்குப் பிடிக்கும். கனடாவில் எல்லாரும் இப்படித்தான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை என்றார் அண்ணி. கனடா மாமா கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். நாட்டுக்கு வரும்போது இவர்கள் கொண்டு வருவது இரண்டு பொருள், ஒன்று சொக்கிலேட், மற்றது இந்தத் தலையாட்டல்.

அம்மா இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொல்லிக் கோப்பையை நீட்டினார். நான் வெளிநாடு போவதை நிறுத்தச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர்கள் கேட்டால் நான் காரணம் கேட்பேன், காரணம் கேட்டால் பிளாட்டின் மூன்றாவது அறை எதற்கு என்ற கேள்வி வரும். அந்த அறையில் அண்ணர் உடற்பயிற்சிக்கென்று ஓடுகிற மெஷின் ஒன்று வைத்திருந்தார். அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு லிஃப்ட் நன்றாகவே வேலை செய்தது. கீழே இறங்கி வானுக்குப் பக்கத்தில் நின்றோம். மாமாவுக்குப் பெருமை காட்டாவிட்டால் அண்ணருக்கு நித்திரை வராது. கதவைத் தட்டி, மந்திரி கதையை முதலிலிருந்து சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி ஒரு வருசமாப் படிக்கிறா. எங்க, இண்டைக்காவது வாசி பாப்பம்" என்றார்.

நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். ரோ, ஜின், நோ, இயெ. பிறகு தமிழில் சொன்னேன்.

"வயசுபோன ஆக்கள்ர வீடு. முதியோர் இல்லத்து வான் இது, அண்ணா."

மாமா அவசரமாகப் போனை எடுத்துக் கதவுக்கு நேரே பிடித்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே போனும் அதையே சொல்லிவிட்டது என்று தெரிந்தது. அம்மா வோக்கரை ஒரு அடி முன்னால் வைத்து, அந்த எழுத்துகளை நன்றாகப் பார்த்தார். அவர் குரலில் கோபம் ஒன்றும் இருக்கவில்லை.

"அப்ப வண்டியை முதலே வாங்கி வச்சிட்டாய்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அண்ணர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வானை ஓட்டினார். எனக்கு உள்ளூர நல்ல சந்தோசம், அதை ஏன் மறைக்க வேண்டும். இந்த வெட்கத்திலாவது அம்மாவைப் பிளாட்டுக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். வெட்கப்படத்தான் செய்தார். ஆனால் வானை நினைத்து. அடுத்த கிழமை ஆள் பிடித்துச் சுடுதண்ணீர் ஊற்றி நாலு எழுத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார். அவர் அழித்தது எழுத்தை மட்டும்தான். வத்தளை அப்படியே இருந்தது.

நான் நிற்கலாமே என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். அண்ணி சொன்னார், கோயிலில் மெழுகுதிரி விற்கிற பெண் சொன்னார், மருந்துக்கடைக்கு வருகிற பிரஷர்காரர்கள் சொன்னார்கள். மகனிடம் போய் இதைச் சொன்னவர் ஒருத்தரும் இல்லை. நிற்கட்டுமா என்று நான் அம்மாவிடமே கேட்டேன். அம்மா என்னைப் பார்த்து, நீ போ, நிண்டால் நீயும் நானும் சேர்ந்து கிழவியாவம், வேறென்ன நடக்கும் என்றார். அதோடு கதை முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதைவிட அதிகமாக எல்லார் மேலும் வெறுப்பு வந்தது.

அம்மாவைக் கொண்டுபோன அன்று வான் எங்கள் ஒழுங்கை வாசலில் நின்றது. ஒரு பை உடுப்பு, மாதா சுருவம் ஒன்று, வோக்கர். கதவைப் பார்த்தேன். பல வருட வெயிலில் வானின் நீலம் வெளுத்துப் போயிருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் வெயில் படாமல் பழைய நீலம் கடும் நிறத்தில் இருந்தது. நாலு எழுத்தும் ஒரு கோடு குறையாமல் தெரிந்தன. அண்ணருக்கு அது வெறும் கறை. அம்மா என் தோளைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டே, இன்னும் அதுதானே இருக்கு என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

பரீட்சை தேறினேன். நேர்முகம் அடுத்த மாதம், சேலைக்கடைக்கு மேல் மாடியில், கணினித் திரைக்கு முன்னால். திரையில் கறுப்புக் கோட் போட்ட மூன்று ஜப்பானியர்கள். சேர் கதவுக்குப் பின்னால் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். நடுவில் இருந்த பெண்மணி நல்ல மரியாதையாகக் கேட்டார், எங்கள் முதியவர்களைப் பராமரிக்க நீங்கள் ஏன் விரும்புகிறீர்கள் என்று.

எங்கள் நாட்டில் வயதானவர்களைத் தெய்வமாக மதிப்போம் என்றேன். கடைசி வரைக்கும் வீட்டில் வைத்து அன்பாகப் பார்ப்போம் என்றேன். அந்த நேரம் ரயில் போனது, பழக்கத்தில் நிறுத்தினேன், போனபின் மிச்சத்தையும் சொன்னேன். பெண்மணிக்குக் கண் கலங்கியது. உங்கள் தாயார் அதிர்ஷ்டசாலி என்றார். நான் இடுப்பை மடக்கிக் கும்பிட்டு நன்றி சொன்னேன். அந்த வகுப்பிலிருந்து முதலில் எடுபட்ட ஆள் நான்தான்.